கையெழுத்துப் போடாத வாசகர்

ஜனவரி 8
மேலிடத்திலிருந்து ஓலை. கிளை நூலகங்கள் முகநூல் பக்கம் தொடங்கி வாசகரை ஈர்க்க வேண்டுமாம். மார்ச் 15-க்குள் ஒரு நாளாவது பதிவேட்டில் நாற்பது கையெழுத்து விழாவிட்டால் என் கிளையை நகரத்து நூலகத்தோடு சேர்த்துவிடுவார்கள். இன்று விழுந்தது மூன்று. நான்காவது ஆள் கிருபாநிதி அண்ணாச்சி, துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். தினமும் வருவார், கையெழுத்து மட்டும் போடமாட்டார். "சுகருக்கு நடக்கப் போறேன்னு வீட்ல சொல்லிட்டு வாரேன். கையெழுத்துப் போட்டா ஆதாரமாயிரும்லா, டீச்சர்." இந்தத் தெருவில் புத்தகம் கொடுப்பவளும் டீச்சர்தான்.

ஜனவரி 13
முதல் பதிவு: புது நூல்கள் பட்டியல். மூன்று லைக். ஒன்று நான், ஒன்று என் வீட்டுக்காரர், ஒன்று முடி வளர எண்ணெய் விற்பவர்.

ஜனவரி 21
வாசிப்பறையைப் படமெடுத்துப் போட்டேன். ஜன்னல், உப்புக்காற்றில் துருவேறிய அலமாரி, மின்விசிறி. இரண்டு மணி நேரத்தில் நானூறு லைக்! எல்லாம் குவைத், பஹ்ரைன், நடுக்கடல் என்று பிழைக்கப் போன நம்ம ஊர்க்காரர்கள். "அந்த ஃபேன் இன்னும் கத்துதா?" என்று பதினோரு பேர்.
மூலையில் பேப்பரை நெஞ்சில் போட்டு அண்ணாச்சி வாய் பிளந்து தூங்குவதை நான் கவனிக்கவேயில்லை. குவைத்தில் இருக்கும் அவர் மகன் ரெக்ஸ் கவனித்துவிட்டான். "அப்பா, இதான் உங்க வாக்கிங்கா?"

ஜனவரி 22
அண்ணாச்சி வரவில்லை.

ஜனவரி 29
இன்றும் இல்லை. தெருவில் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். வாசகரை ஈர்க்கப் போய் இருந்தவரையும் விரட்டியாயிற்று. அவர் உடம்புக்கு நல்லதுதான் — ஆனாலும் அந்தக் காலி நாற்காலியைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது.

பிப்ரவரி 6
முகநூல் பக்கத்தில் இரண்டாயிரம் பேர். பதிவேட்டில் இரண்டு. அதிகாரி போனில், "ஃபேஸ்புக்ல அமோகம் மேடம். குவைத்துக்காரன் வந்து கையெழுத்துப் போடுவானா?" என்றார். ஆத்திரத்தில் எழுதிவிட்டேன்: "ஃபேனை விசாரித்தது போதும். பாதியில் வைத்துப் போன புத்தகம் எது? அதைச் சொல்லுங்கள்."
ரெக்ஸ் எழுதினான்: "கடல் கொள்ளைக்காரன் கதை. பச்சை அட்டை. பக்கம் 112. பிளேன் ஏறுன அன்னைக்குத் திருப்பிக் குடுத்தேன்."
தேடி எடுத்தேன். 112-இல் மூலை மடிப்பு அப்படியே இருக்கிறது. அவன் பிளேன் ஏறிப் பதினாறு வருசம்! ஒருத்தர்கூடவா தொடல?
பதில் போட்டேன்: "புத்தகம் கடல் தாண்டாது. வீட்டிலிருந்து ஆளை அனுப்பவும்."

பிப்ரவரி 11
ரெக்ஸின் மனைவி ஷெர்லின் வந்தாள். வீட்டுக்கு எடுத்துப் போ என்றேன். "வேண்டாம் டீச்சர். ஃபேன் சத்தத்தோட கேக்கணும்னு சொல்லுதாவ." ரெக்ஸை வீடியோ காலில் அழைத்து, அகராதியில் போனைச் சாய்த்துவைத்து, 112-லிருந்து உரக்க வாசித்தாள்.

பிப்ரவரி 26
பதினேழு பெண்கள், பதினேழு போன், பதினேழு கதை. மீன் ஏலக்கூடம் தோற்றது. 'அமைதி காக்கவும்' பலகையை நானே கழற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்தேன்.

மார்ச் 13
பத்தரை மணிக்குள் முப்பத்தொன்பது. ஷெர்லினைக் காணோம். நாற்பதுக்கு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
கிருபாநிதி அண்ணாச்சி வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "மருமவ பிள்ளையோட ஸ்கூலுக்குப் போயிருக்கா. அந்தப் பச்சைப் புத்தகத்தை எடுங்க."
பழைய நாற்காலியில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டி வாசித்தார். நைட் ஷிஃப்ட் முடித்து வந்த ரெக்ஸ் மூன்றாம் பக்கத்திலேயே வாய் பிளந்து தூங்கிவிட்டான். அண்ணாச்சி திரையைப் பார்த்தார். நிறுத்தவில்லை, குரலை மட்டும் தணித்துக்கொண்டார்.
படமெடுக்கப் போனைத் தூக்கியவள், மேசையில் கவிழ்த்து வைத்தேன்.
போகும்போது அவரே பதிவேட்டை இழுத்தார். "எங்கன போடணும், டீச்சர்?"