தொட்டால் ஒலிக்கும் ஓவியம்

பரண்மேல் ஒளிந்திருக்கும் அண்ணாவுக்கு,

காலையில் உனக்கு மேலே அனுப்பும் சோளத் தொர்தியா ரொட்டிக்குள் இதை மடித்து வைப்பேன். படித்ததும் மென்று விழுங்கிவிடு.

பள்ளியில் நாங்கள் வரைந்த படங்களைத் தொட்டால் ஒலி வரும். கறுப்பு மையில் மின்சாரம் ஓடுமாம். ஒவ்வொரு படத்திலிருந்தும் அந்த மையால் போட்ட ஒரு கோடு கம்ப்யூட்டர் வரை போகிறது. போன வாரம் டீச்சர், அவரவர் படத்துக்காக அவரவர் வீட்டு ஓசை ஒன்றைப் பதிந்து வரச் சொன்னார். அம்மா தொர்தியா தட்டுவதைப் பதிந்தேன். அதோடு நீயும் பரண் பலகையில் தாளம் போட்டது அப்போது எனக்குத் தெரியவில்லை.

இன்று என் வகுப்பு டுனியா என் படத்தைத் தொட்டாள்.

"ஏய், இது அணிவகுப்புல உங்கண்ணன் முரசுல அடிச்ச அடிதானேடி? அவன் எல்லை தாண்டி வடக்க போயி மூணு மாசமாச்சுன்னியே?"

"பழைய பதிவுடி."

"போடி புளுகி, மூக்கு செவக்குது பாரு!"

டீச்சரோ, "கடைசி அடி என்ன அழகு!" என்று சத்தத்தைக் கூட்டிவைத்தார்.

நாளை பெற்றோர் படங்களைப் பார்க்க வருகிறார்கள். டுனியாவின் அண்ணனும் வருவான். தங்கள் கும்பலில் சேராவிட்டால் கொன்றுவிடுவோம் என்று உன்னை மிரட்டியவன். அணிவகுப்பில் உன் பக்கத்தில் நின்று முரசடித்தவன். அந்த அடியை அவன் மறந்திருக்க மாட்டான்.

விடிந்ததும் எல்லோருக்கும் முன்னால் போய், என் படத்திலிருந்து போகும் மைக் கோட்டை நகத்தால் சுரண்டிவிடுவேன். என் படம் மட்டும் ஊமையாக இருக்கும். எனக்குச் சரியாகச் செய்யத் தெரியவில்லை என்று டீச்சர் நினைக்கட்டும்.

அம்மாவிடம் சொல்லாதே. இனி அம்மா தட்டும்போது கை துறுதுறுத்தால் உன் நெஞ்சின்மேல் தட்டிக்கொள், அண்ணா. எனக்குக் கேட்காது. பரவாயில்லை.

கீழே படுத்திருக்கும்
உன் கொசு