மோரக் காலி செய்த கிண்ணங்கள்

பிப்ரவரி 3

அந்நிய தேசத்து மருமகளை முதிய வீடொன்றின் விளக்காக முன்னொரு காலத்தில் அனுப்பியருளிய ஆண்டவரே, என் வீட்டுக்கு வந்தவளையும் என் சமையலிலிருந்து காத்தருளும்.

பேத்தி பிறந்து ஐந்தாம் நாள். மகன் தேயுன் இன்று கப்பலேறினான். இரண்டு மாதம் கழித்தே வருவான். என் மனைவி இருந்திருந்தால், எங்கள் கொரிய வழக்கப்படி பிள்ளை பெற்றவளுக்கு மூன்று வாரமும் கடற்பாசி சூப் வைத்துக் கொடுத்திருப்பாள். அவள் இல்லாத வீட்டில் அது என் கடமையாயிற்று. நாற்பது ஆண்டுகள் பள்ளியில் பழஞ்சீனக் கவிதை கற்பித்த நான், எழுபத்தொரு வயதில் முதன்முறையாக அடுப்பின்முன் நின்றேன். உப்பு கரித்தது. என் மருமகள், ஸ்காட்லாந்துக்காரி மோரக், ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். மறுபடி ஊற்றினேன். அதையும் குடித்தாள்!

பிப்ரவரி 5

வேளைக்கு மூன்று கிண்ணம். பெரிய பானை வாங்கினேன்.

பிப்ரவரி 7

எங்கள் சபையின் தொக்சூன் அம்மாள் உலர்ந்த கடற்பாசி கொண்டுவந்தார். பானையிலிருந்து ஒரு வாய் சுவைத்ததும் முகம் சுளித்தார்.

"மூப்பரே, இத துறைமுகத்துப் பூனைகூடத் தொடாது. அந்தப் பொண்ணு எப்படிக் குடிக்குது?"

"மூணு கிண்ணம் குடிக்கிறா."

"நம்பாதீங்க. வெள்ளக்காரங்களுக்கு ஒண்ணு பிடிக்கலேன்னா முகத்துக்கு நேரா சொல்லிடுவாங்க. மறுநாளே பெட்டியக் கட்டிடுவாங்க."

முகத்துக்கு நேரே சொல்பவளானால், சொல்லாதவரை பிடித்திருக்கிறது என்றுதானே பொருள்? அப்படித்தான் தேற்றிக்கொண்டேன். மாலையில் மோரக் சொன்னாள்: "எங்கம்மா குழந்தையோட அங்க வந்துடச் சொல்றாங்க அப்பா. யோசிக்கிறேன்."

சங்கீதங்களைப் பிரித்தேன். எழுத்துகள் நின்றன, மனம் நிற்கவில்லை. போய்விடுவாளோ? அந்தப் பிஞ்சு விரல்களை இனி எங்கே பார்ப்பேன்?

பிப்ரவரி 10

மூக்குக்கண்ணாடியை மறந்து, ஆலயத்துக்குப் போகும் வழியிலேயே திரும்பினேன். சமையலறையில் மோரக். ஒரு கையால் வயிற்றைப் பிடித்திருக்கிறாள், கண்ணில் நீர், ஆனாலும் மறு கை கரண்டியை விடவில்லை.

"என்னம்மா பண்ணுது?"

"முடியல அப்பா. நான் காலி பண்ணப் பண்ண நீங்க ஊத்திக்கிட்டே இருக்கீங்க."

"காலி பண்ணினா இன்னும் வேணும்னுதானே அர்த்தம்!"

"எங்க வீட்டுல போதும்னு அர்த்தம். மிச்சம் வச்சாத்தான் சமைச்சவங்களுக்கு அவமானம்."

"வேணாம்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"பெரியவங்க குடுக்குறத வேணாம்னு சொன்னா கொரியாக்காரங்க ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டாங்களாமே?"

"வெள்ளக்காரங்க நீங்கதான் எதையும் முகத்துக்கு நேரா சொல்லிடுவீங்களாமே?"

ஒருவரையொருவர் பார்த்தோம். முதலில் சிரித்தது அவள்தான். எட்டு நாள்! என் மனம் நோகக்கூடாது என்பதற்காக அந்த உப்பையெல்லாம் விழுங்கியிருக்கிறாள். பாசமற்ற மனிதர்கள் என்று வெள்ளைக்காரர்களைப் பற்றி எத்தனை முறை பேசியிருப்பேன். என் நாவை மன்னியும், ஆண்டவரே.

பிப்ரவரி 11

கிண்ணத்தில் ஒரு கரண்டி மிச்சம் வைத்தாள். ஸ்தோத்திரம்.

பிப்ரவரி 19

மூன்று வாரம் நிறைந்தது. மோரக் போகவில்லை. மே மாதம் அவள் தாயே இங்கு வருகிறாராம். "அவங்களும் காலி பண்ணிடுவாங்க, பாத்து ஊத்துங்க அப்பா" என்கிறாள்.

மார்ச் 20

என் பிறந்தநாள். பிறந்தநாளில் பெற்ற தாயை நினைத்து எங்கள் நாட்டார் குடிக்கும் அதே கடற்பாசி சூப், மனைவி போன பின் மூன்று ஆண்டுகளாக இந்த வீட்டில் என் பெயரால் கொதிக்கவில்லை. காலையில் எழுந்தபோது மணந்தது. மேசையில் கிண்ணம், அருகில் பேத்தியை ஏந்தி மோரக்.

உப்பு கரித்தது. என்னிடம் கற்றவள் அல்லவா!

இரண்டாம் கிண்ணத்திலேயே வயிறு நிறைந்துவிட்டது. ஆகவே அவள் வீட்டு வழக்கப்படி, போதும் என்று சொல்ல, அதைத் துளி மிச்சமின்றிக் காலி செய்து அவள் முன் நகர்த்தினேன். அவள் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு கரண்டியை எடுத்து, என் வழக்கப்படி மறுபடி ஊற்றினாள்.

இந்த ஏட்டை என்றேனும் பிரித்துப் படிப்பவரே, உம் வீட்டுப் பானையும் குறையாதிருக்க, அதைச் சுற்றி அமர்வோரும் குறையாதிருக்க, ஆண்டவர் அருள்வாராக.