வயதைக் கூட்டும் கோடு

அக்டோபர் 23, வியாழன்

தூறல். ஏரிப் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை, வெறும் வெள்ளை. துணி நேற்றிலிருந்து கொடியிலேயே.

வாங்க: போட்டோ பேப்பர், இருமல் மருந்து, கொசுவத்தி. ரெஜினா குடைக்கு ஒரு கம்பி.

ஆபீஸ் வேன் வருவதற்குள் ஷீபா தன்னுடைய பழைய லேப்டாப்பில் புது சாஃப்ட்வேரை ஏற்றிக் கொடுத்தாள். ஒரு வாரம் இலவசம். பிடித்துப்போனால் சந்தா. மாதா மாதம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் திறக்காதாம். பால்காரர், பேப்பர்காரர், இப்போது இவர்.

"உங்க பழைய சாஃப்ட்வேருக்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசுப்பா. நான் வேலைக்கே போயிட்டேன். அது இன்னும் உங்க மடியிலயே உட்கார்ந்திருக்கு" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டே பேசுவாள். பாதிப் பேச்சு கேட்டில், மீதி சிறுசேரி வேனில்.

அவள் சொல்வதும் சரிதான். பெரியவர் (சிடியில் வாங்கிய பழைய சாஃப்ட்வேருக்கு நான் வைத்த பெயர்) இப்போதெல்லாம் புதுப் போன்களில் எடுத்த படங்களைத் திறப்பதில்லை. கேட்டால் ஒரு பெட்டி போட்டு மறுக்கிறார். ஆனாலும் அவர் என்னுடையவர். ஒருமுறை வாங்கினேன், அதன் பிறகு என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

மதியம் செல்வி என்று ஒரு பெண். அனகாபுத்தூரிலிருந்து, நனைந்துகொண்டு. மெடிக்கல் ஷாப்பில் வேலை. அப்பா போய்ச் சில நாள்தான் ஆகிறது. பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேண்டும், அப்பா அம்மா இருவரும் ஒரே ஃபிரேமில். அப்பா படம் போனில், வெள்ளை மீசையோடு. அம்மா படம் கறுப்பு வெள்ளை, ஓரம் அரித்தது. மடியில் கைக்குழந்தை. அந்தக் குழந்தைதான் செல்வி.

"நான் கொயந்தயா இருக்கசொல்லோவே அம்மா போய்ட்டாங்கண்ணா. அப்பா அப்பால கண்ணாலமே கட்டிக்கல. ரெண்டு பேரும் ஒண்ணா எடுத்த போட்டோவே இல்ல. ஆனா இப்டியே சேத்து வச்சா அப்பனும் பொண்ணுமாட்டம் கீது. சனம் சிரிக்கும்."

பாஸ்போர்ட் படம், வரன் படம், செத்தவர் படம். இந்த மூன்றும்தான் என் பிழைப்பு. போர்டு இல்லாத முன்னறை, தெரிந்தவர்கள் வருகிறார்கள். ஜோடி சேர்ப்பதும் புதிதில்லை. ஆனால் இப்படி ஒரு ஜோடிக்குப் பெரியவரிடம் வழியில்லை. சுருக்கம் சுருக்கமாகக் கையால் வரைந்தால் கூத்து வேஷம் மாதிரி ஆகிவிடும்.

சனிக்கிழமை வரச் சொன்னேன்.

அக்டோபர் 24, வெள்ளி

மழை இல்லை. வெயிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு மாதிரி வெளிச்சம், நாள் முழுக்கச் சாயங்காலம்.

புதுசில் ஒரு கோடு இருக்கிறது. கோட்டின் மேல் ஒரு குண்டு. குண்டை வலப்பக்கம் இழுத்தால் முகத்துக்கு வயது கூடுகிறது.

செல்வியின் அம்மாவை வைத்து இழுத்தேன். முதலில் கன்னம் இறங்கியது. அப்புறம் கண்ணுக்குக் கீழே நிழல். முன்தலையில் நரை ஓடியது. அவசரமே இல்லாமல் அந்தப் பெண் என் எதிரில் உட்கார்ந்து கிழவியானாள். பாட்டியாகி, பேரனை அதட்டுகிற முகமாகி, அங்கே நின்றாள். நான் காபியைக் குடிக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடை கட்டிவிட்டது.

பழைய படத்துக் கறைகளையும் அதுவே எடுத்துவிட்டது. ஒரே ஒரு சொடுக்கு. பெரியவரோடு என்றால் எனக்கு அது அரை நாள் வேலை, கழுத்து வலி தனி.

பக்கத்து வீட்டு மாடியில் யாரோ போனில்: "தண்ணி இன்னும் தெருவுக்கு வரலை. வந்தா சொல்றேன். நீ முதல்ல சாப்பிடு."

எனக்குச் சொன்ன மாதிரி இருந்தது. போய்ச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 25, சனி

தூறல். செல்வி வந்தாள். படத்தைப் பார்த்தாள். முகம் மாறியது. அழப்போகிறாள் என்று நினைத்து நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இன்னாண்ணா இது? எங்கம்மா பொட்டு எங்க?"

பார்த்தேன். நெற்றி வெறுமையாக இருந்தது. பழைய படத்தில் நடு நெற்றியில் இருந்த அந்தக் கறுப்பு வட்டத்தையும் கறை என்று நினைத்துத் துடைத்து எடுத்திருக்கிறது புதுசு.

"எங்கப்பா உசுரோட இருக்கசொல்லோ, பூவும் பொட்டுமா போனவங்க அவங்க. இத்த மாட்டி வச்சா எங்க சனம் என்ன உண்டு இல்லன்னு பண்ணிரும். தாலி அறுத்தவளாட்டம் ஆக்கிக்கீறியேண்ணா!"

சாஃப்ட்வேருக்குத் தெரியாது, சரி. எனக்கு? நேற்று அவ்வளவு நேரம் பார்த்தேனே. நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். எங்கள் வீட்டில் அம்மா, அத்தைகள், கட்டிக்கொண்ட ரெஜினா, பெற்ற ஷீபா, யாரும் பொட்டு வைப்பதில்லை. வெறும் நெற்றிதான் என் கண்ணுக்கு வீட்டு நெற்றி. குறை என்றே படவில்லை. தாம்பரத்தில் பாதிப் பேருக்குப் படம் போட்டவன், இதில் கோட்டை விட்டேன். வெட்கமாகப் போய்விட்டது. சமையலறையிலிருந்து ரெஜினா தலையை நீட்டி, "ஸ்டூல் போட்டு உட்கார வைங்க முதல்ல" என்றாள். அதைக்கூடச் செய்யவில்லை நான்.

படத்தைப் பெரியவரிடம் கொண்டுபோய்ப் பொட்டைக் கையால் வைத்தேன். செல்வி பின்னாலிருந்து: "இன்னும் பெருசா. ஆங். கொஞ்சம் கீழ. அவ்ளோதான்."

பொட்டு ஏறியதும் கிழவிக்கு உயிர் வந்துவிட்டது. செல்வி திரையருகே குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"எங்கம்மாவ கெழவியா பாப்பேன்னு நெனக்கவே இல்லண்ணா. அப்பா பக்கத்துல எப்டி குந்திகினு கீறாங்க பாரேன். எதுக்கோ அவர திட்டிட்டு வந்து குந்தனாப்ல." சிரித்தாள். அப்புறம்தான் அழுதாள்.

படத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, தாவணிக்குள் வைக்கிற மாதிரி துப்பட்டாவுக்குள் வைத்து எடுத்துப் போனாள். மழையில் தெருமுனை வரை தெரிந்தது அவள் குடை.

சந்தா கட்டிவிடலாம் என்றுதான் தோன்றியது.

அக்டோபர் 26, ஞாயிறு

சர்ச். பிரசங்கம் காதில் ஏறவில்லை. முன்வரிசைப் பிள்ளைகளின் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டு மனசுக்குள் குண்டை வலப்பக்கம் இழுத்தேன். வயதானவர்களை இடப்பக்கம். சபைச் செயலாளர் சுருங்கிச் சுருங்கிக் கால்சட்டைப் பையனானார், அழகாகவே இருந்தார். யாரும் கவனிக்கவில்லை.

வெளியே வரும்போது ரெஜினா வழக்கம்போல நாலு பேரிடம் நின்று நின்று பேச்சு. எல்லாம் ஷீபாவுக்கு வரன் விஷயம்தான். "பையன் குணமா இருந்தா போதும் சிஸ்டர், வேற ஒண்ணும் கேக்கல." வேறு எல்லாமும் கேட்பாள். எனக்குத் தெரியும்.

சானடோரியம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றோம். எதிர் பிளாட்பாரத்தில் ஒரு வாலிபன், முதுகில் பை, காதில் வயர், மழையைப் பார்த்துக்கொண்டு. ரயில் வந்து மறைத்தது. போனபின் அவன் இல்லை. அவன் வயதுதான் இருக்கும் என்று நினைத்தேன். யார் வயது என்று ரெஜினாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

ஜோயல்.

அக்டோபர் 27, திங்கள்

பலத்த மழை. ரெஜினா பாடம் எடுக்கப் பள்ளிக்கு, ஷீபா ஆபீஸுக்கு. கரண்ட் இருக்கிறது.

செய்யக்கூடாது என்று காலையிலிருந்து வேறு வேலை பார்த்தேன். பிரின்டர் துடைத்தேன். பழைய பில்களைக் கிழித்தேன். கொசுவத்தி ஸ்டாண்டுக்குக் கால் ஒட்டினேன்.

மதியம் செய்தேன்.

ஜோயலைப் பள்ளிக்கூடத்தில் எடுத்த படம். எண்ணெய் வைத்துப் படிய வாரின தலை, முன்பல் இல்லை. அதை மறைக்க உதட்டை மூடிக்கொண்டு சிரிக்கிறான். ஆறு வயது. அந்த வருஷ மழையில் காய்ச்சலில் போனான். ஷீபா அப்போது தவழ்கிற குழந்தை. அவளுக்கு அண்ணன் என்றால் ஹாலில் இருக்கும் ஃபிரேம்தான்.

குண்டை இழுத்தேன். மெதுவாக. பத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தினேன், சைக்கிள் கேட்கிற முகம். பதினைந்தில் என்னோடு பேசாத முகம். அப்புறம் தாடை அகன்றது, லேசாக மீசை. கல்யாண வயது வந்ததும் கையை எடுத்தேன்.

எங்கள் அப்பா காது. ரெஜினா மூக்கு. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அழுதேன். துக்கத்தில் இல்லை. சந்தோஷமாக இருந்தது, அதை எழுதாமல் இருக்க முடியாது. கேட் சத்தம் கேட்டதும் லேப்டாப்பை மூடினேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

பள்ளிகளுக்கு மழை லீவு. ரெஜினா வீட்டில். ஷீபாவும் வீட்டிலிருந்தே வேலை என்று உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் முன்னறையில் ஜோயலுக்குச் சட்டை போட்டுக்கொண்டிருந்தேன். வெளிர் நீலம், முழுக்கை. கழுத்தில் ஆபீஸ் அட்டை, ஷீபா மாட்டுகிற மாதிரி. தலைமுடியைக் கொஞ்சம் கலைத்துவிட்டேன், இந்தக் காலத்துப் பையன்கள் படிய வாருவதில்லை. பின்னால் ஏரி. மழை விட்ட வானம். எங்கோ இவன் வேலைக்குப் போகிறான், வேனில் தங்கையோடு சண்டை போடுகிறான், குளியலறைக் கதவைத் தட்டுகிறான் என்றெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. மழைச் சத்தத்தில் எல்லாமே நடக்கும் போலிருந்தது.

ரெஜினா டீ கொண்டு வந்ததை நான் பார்க்கவில்லை.

"யாருங்க இந்தப் பையன்?"

அவள் குனிந்து பார்த்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். நிதானமாகத்தான் பார்த்தாள்.

"லட்சணமா இருக்கான். வரன் படமா?"

"ம்."

"எந்த சபை?"

"தெரியல."

"கேட்டு வைங்களேன். ஐடியிலதான் இருக்கான் போலிருக்கு. நம்ம ஷீபாவுக்குக்கூட..."

"வேண்டாம்." கத்திவிட்டேன் போலிருக்கிறது. அவள் நிமிர்ந்தாள். "அவனுக்கு முடிஞ்சிருச்சு" என்றேன்.

"அதுக்கு ஏன் இவ்வளவு கோபம்?" டீயை வைத்தாள். இன்னொரு தடவை திரையைப் பார்த்தாள். "இப்படி ஒரு பிள்ளை. அவங்கம்மா குடுத்து வச்சவங்க."

போய்விட்டாள். நான் டீயைக் குடித்தேன். சர்க்கரை போட மறந்திருந்தாள்.

அக்டோபர் 29, புதன்

வானம் கொஞ்சம் வெளுத்தது. தெருவில் தண்ணீர் ஏறவில்லை. பெருங்களத்தூர் பக்கம் இடுப்பளவு என்கிறார்கள்.

யோசித்தேன். பெற்றவளுக்கே அடையாளம் தெரியாத ஒருவனை மகன் என்று வைத்து நேற்று முழுக்கச் சட்டை போட்டிருக்கிறேன். அவள் மேல் தப்பில்லை. அவள் பிள்ளைக்கு ஆறு வயது, முன்பல் இல்லை. நேற்று அவள் பார்த்தது யாரோ ஒரு பையன். ஆனால் எனக்கு அப்படி இல்லையே. இன்றைக்கும் திறந்து பார்த்தேன், நாலு தடவையோ ஐந்து தடவையோ. இது வீட்டில் இருந்தால் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அந்தக் குண்டைக் கொஞ்சம் தள்ளுவேன். அவனுக்குத் தொப்பை வைப்பேன். முடியைக் குறைப்பேன். சந்தா கட்டுகிற வரை அவன் வளருவான். எனக்குப் பயமாக இருந்தது.

செல்விக்கு நல்லது செய்த சாமான்தான் இது. மறுக்கவில்லை. என் கைதான் சரியில்லை.

அழித்தேன். "நிச்சயமா?" என்று கேட்டது. ஆமாம் என்றேன். மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். தூக்கம் வந்தது, அதுதான் ஆச்சரியம்.

சாயங்காலம் ஷீபா ஆபீஸிலிருந்து போன். என் கையில் மாவு, ஸ்பீக்கரில் போட்டேன்.

"அப்பா, ட்ரையல் இன்னிக்கோட முடியுது. என் கார்டைப் போட்டு சந்தா கட்டிடவா?"

"வேண்டாம்மா."

"ஏம்ப்பா? நல்லா இருக்குன்னு சொன்னீங்களே?"

"நல்லாத்தான் இருக்கு. வேண்டாம். எனக்குப் பெரியவர் போதும். புதுப் போன் படம் வந்தா வேற கடைக்கு அனுப்பிக்கறேன்."

ரெஜினா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்: "அவர் சொல்றதைக் கேக்காதடி, கட்டு. நேத்து ஒரு பையன் படம் போட்டிருந்தார், எவ்வளவு நல்லா வந்திருந்துச்சு தெரியுமா? கண்ணுலயே நிக்குது."

"எந்தப் பையன்பா?" என்றாள் ஷீபா.

மழையில் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிப் போனை வைத்தேன்.