சுகந்தி கல்யாணமும் ஒன்பது எலிகளும்

வேலம்பாளையம்
12.2.2006

பாசமுள்ள தங்கை கோமளாவுக்கு,

உன் ஆய்வகத்து எலிகள் சுகமா? எங்களைவிட அவற்றின் மேல்தான் உனக்குப் பிரியம்.

மகள் சுகந்தியைத் தாராபுரத்து மச்சான் மகன் பிரதீப்புக்குப் பேசினோம். பிள்ளைகள் இருவருக்கும் அவ்வளவு ஆசை. மச்சான்தான் நாளைக் கடத்துகிறார். கோமளா, நம் சித்தப்பாவுக்கு வந்த கை நடுக்கம் எனக்கும் வந்துவிட்டது. பனியன் கம்பெனியில் கட்டிங் மெஷினைத் தொடுவதில்லை. மச்சான் வீட்டில் காப்பி டம்ளரைக்கூட எடுப்பதில்லை. தெரிந்தால் பெண் எடுப்பார்களா? நீ சோதிக்கும் மருந்தை எனக்கே போட்டுவிடேன்.

அண்ணன்
திருமூர்த்தி

பாஸ்டன்
3.3.2006

அன்புள்ள அண்ணா,

இத்தனை நாள் என்னிடம் போய் மறைத்தீர்களே! உங்கள் மேல் எனக்குக் கோபம்தான்.

சித்தப்பாவுக்கு வந்ததுபோல் பரம்பரையாக வரும் பார்க்கின்சன் நோய்க்குத்தான் இங்கே வேலை செய்கிறோம். பழுதான மரபணு இருக்கும் மூளைக்குள் நல்ல மரபணுவைச் செலுத்துகிறோம். பதினாறு எலிகளில் ஒன்பது நேராக நடந்தன! சோறு தின்ன மறந்து குதித்தேன். ஆனால் மனிதருக்கு வரப் பல வருடம் ஆகும்.

இப்போது வேறொன்று முக்கியம். தலைமுறையாகக் கொண்டு கொடுத்த குடும்பங்கள் நாம். உங்கள் பழுது சுகந்திக்கும் வந்திருக்கும்; ஒரு பக்கம் மட்டும் என்பதால் அவளுக்கு நோய் வராது. அதே பழுது பிரதீப்பிடமும் மறைந்திருந்தால் உங்கள் பேரப்பிள்ளைக்கு நோய் வரலாம். உங்கள் இரத்தத்தோடு அவன் இரத்தத்தையும் சோதிக்க வேண்டும். மச்சானிடம் சொல்லிவிடுங்கள்.

கோமளா

வேலம்பாளையம்
2.4.2006

கோமளா கண்ணு,

சொல்லிவிட்டேன். தலை குனிந்துதான் சொன்னேன். மச்சான் எழுந்தே விட்டார்.

"ஏனுங் மாப்ள, அப்ப நீங்க குடிக்கறதில்லீங்களா?"

காலையிலேயே கை ஆடுவதைப் பார்த்து என்னைக் குடிகாரன் என்றே முடிவு கட்டியிருக்கிறார்கள்! பெண் எடுக்கத் தயங்கியதே அதற்காகத்தானாம். நானா குடிகாரன்? எனக்குச் சோடா குடித்தாலே விக்கும். மச்சான் வீட்டு அக்கா அழுதுகொண்டே சிரித்தார். பிரதீப் அப்போதே சட்டைக் கையை மடித்துவிட்டான். இரத்தம் அனுப்பியாகிவிட்டது. தபால்காரரை எதிர்பார்த்து வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

திருமூர்த்தி

பாஸ்டன்
20.5.2006

அண்ணா,

பிரதீப்பிடம் அந்தப் பழுது இல்லை. பேரப்பிள்ளைகளுக்கு இந்த நோய் வராது. தைரியமாக நாள் குறியுங்கள்.

கோமளா

வேலம்பாளையம்
5.6.2006

கோமளா கண்ணு,

ஆவணியில் முகூர்த்தம். உன் மருந்து என்னை வந்து சேரும்போது சேரட்டும். இனி நான் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்க மாட்டேன். தாரை வார்க்கும்போது சொம்புத் தண்ணீர் நாலு பேர் மேல் தெறிக்கும். தெறிக்கட்டும். நீ ஊருக்கு வந்து முன்னால் நில்.

அண்ணன்
திருமூர்த்தி