நீங்கள் சொன்னதில் பின்பாதி

அக்கா,

ஜன்னலையெல்லாம் அடைத்த பிறகும் பாப்பாவின் போர்வையில் புகை நாற்றம். பெக்கான் நானாஸ் பக்கம், இலைதழை மக்கி உண்டான காம்புட் மண் மறுபடியும் எரிகிறது. நெபுலைசர் வைத்துத் தூங்கப்போட்டுவிட்டு, அவள் மூச்சு சீராகிறதா என்று காது கொடுத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

அந்தக் கறுத்த சதுப்பு மண்ணைத்தான் நீங்கள் வருஷக்கணக்காக அளந்தீர்கள். அன்னாசித் தோட்டத்தில், அடியில் இருக்கும் களிமண் வரை ஓர் இரும்புக் குழாயை இறக்கியிருந்தீர்கள். கால்வாய் வெட்டித் தண்ணீரை வடிக்க வடிக்க மண் காய்ந்து அமிழ்ந்தது. குழாய் மட்டும் நின்ற இடத்தில் நின்றது.

"ஆன்ட்டி, குழா வளருது!" என்றாள் பாப்பா.

"இல்லடி தங்கம், நாமதான் எறங்குறோம்" என்று சிரித்தீர்கள்.

எங்கள் வீட்டுத் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு நினைவிருக்கிறதா? புதுக் கால்வாய் வெட்டத் தடை போடலாமா என்று சட்டமன்றம் விவாதிக்கவிருந்த நேரம். எல்லாரும் ‘ஒய்.பி.’ என்று மரியாதையாகக் கூப்பிடும் நம் சட்டமன்ற உறுப்பினர், முறுக்கைக் கடித்துக்கொண்டே உங்களிடம் கேட்டார்.

"சொல்லுங்க டாக்டர், இந்த நெலம் ஷுவரா முங்கிருமா?"

"எவ்ளோ சீக்கிரம்னு உறுதியா சொல்ல முடியாது ஒய்.பி. ஆனா தண்ணிய வடிச்சா எறங்கும், காஞ்சா எரியும். அதுல சந்தேகமே இல்ல."

"அலமாக்! நீங்க சொன்னா போதும் லா. நான் பேசுறேன்." பாப்பாவை மடியில் வைத்துப் படமும் எடுத்துக்கொண்டார்.

பேசினார். என் கைப்பேசியில் நாம் இருவரும் நேரலை பார்த்தோம். நிலத்தை அளந்த நிபுணரே உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார், பிறகு என்ன அவசரம் என்றார். மற்ற உறுப்பினர்கள் ஆமோதித்து மேசையைத் தட்டினார்கள். தடை தள்ளிப்போனது.

"இன்னிக்கே மறுப்பு எழுதுங்கக்கா!" என்று கத்தினேன்.

"அவர் சொன்ன வார்த்தை என்னோடதுதானேம்மா. அடுத்த அளவு வரட்டும், முழுசா எழுதுறேன்" என்றீர்கள்.

அதற்குள் நோய் உங்களைக் கொண்டுபோய்விட்டது. அவர்மேல் எனக்குள்ள கோபத்தில் பாதி உங்கள்மேலும் வருகிறது, அக்கா. என் வீட்டில் கை நனைத்தவர் உங்கள் பேச்சை வெட்டி எங்களையே ஏமாற்றினார். நீங்கள் பொறுமையாக இருந்துவிட்டீர்கள். நடுவில் மூச்சுக்குத் திணறுவது என் பிள்ளை.

இந்தத் தீபாவளிக்கும் வருகிறாராம். அவர் அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். வரட்டும். முறுக்கு வைப்பேன். அதே கேள்வியைக் கேட்டால் நீங்கள் சொன்ன பதிலையே சொல்வேன். ஆனால் பின்பாதியை முதலில் சொல்வேன். முன்பாதி, பாப்பா இருமுவதை அவர் உட்கார்ந்து கேட்ட பிறகு.