துடைத்து வைத்த வண்டி

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நாங்கள் நலம். அம்மாவின் முட்டி மட்டும் தனிக்கட்சி ஆரம்பித்திருக்கிறது. அந்தக் குளிர்க்கிடங்கில் நீ சளி பிடிக்காமல் இருக்கிறாயா? போன தடவை ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாய். வாசித்து முடித்ததும் அம்மா காகிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்து, "அவ்வளவுதானா?" என்றாள். கண்தான் தெரியவில்லை, கணக்கு நன்றாகத் தெரிகிறது. மூன்று பக்கத்துக்குக் குறையாமல் எழுது, கஞ்சப் பிரபு.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னிடம் பேசினாள். "சோத்தப் போடு", "லைட்ட அணை" எல்லாம் பேச்சில் சேராது. அப்பா போய் ஆறு வருடத்தில் அதற்கு மேல் அவள் என்னிடம் வாய் திறந்ததில்லை என்பது உனக்குத் தெரியும். அன்று மத்தியானம் சைலன்சர் இல்லாத பைக் ஒன்று தெருவைக் கிழித்துக்கொண்டு போனது. படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்து, "உங்கப்பா வண்டிச் சத்தம் மாதிரியே இருக்கு. அத இன்னொரு தடவ கேக்கணும்டி" என்றாள். 'டி' போட்டாள், அண்ணா! நான் சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அதனால் அப்பாவின் நைட்ரோ ட்ரக்கை ஓட வைக்கப் போகிறேன். ஆலையில் என்னோடு தையல் மெஷின் பழுது பார்க்கிறவளிடம் சொன்னேன். "ரிமோட் பொம்மையா?" என்று கேட்டாள். பொம்மையாம்! முழங்கை நீளம்தான் என்றாலும் நிஜ எஞ்சின், நிஜப் புகை, நிஜக் கோபம் என்று அரை மணி நேரம் பாடம் எடுத்தேன். முப்பது வருடம் பஸ் ஓட்டிய மனுஷன் ஓய்வு பெற்ற பிறகு வேறு எதைத் தொடுவார்?

பெட்டியை இன்னும் திறக்கவில்லை. அன்று அப்பாவை ஏற்றி வந்த சரக்கு வண்டிக்காரர் ஆஸ்பத்திரி வாசலில் என் கையில் கொடுத்தது. அன்றே பூட்டிப் பரணில் ஏற்றினேன். சாவி என் அலமாரியில்தான் கிடக்கிறது. எதை முதலில் பார்ப்பது, எதை மலிவாகச் சமாளிப்பது என்று விவரமாக எழுது.

உன்,
வாலு

*

பிப்ரவரி 27

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா பேசியதில் மிகவும் சந்தோஷம். ஆனால் அந்த வண்டி வேண்டாம். ஆழம் தெரியாமல் காலை விடாதே.

நடந்தது உனக்குத் தெரியாததா? வண்டி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அப்பா சாய்ந்தார். ரிமோட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். வண்டி தன் பாட்டுக்குப் போய்ச் சுவரில் முட்டி நின்றது. டாங்க் நிறைய எரிபொருள். சரக்கு வண்டி வந்ததும் அப்படியே அள்ளிப் பெட்டியில் போட்டேன். ஆறு வருடத்தில் அது பசையாகி, பிஸ்டனைக் கவ்வி, பேரிங் எல்லாம் துருவாகியிருக்கும். எடைக்குப் போட்டுவிடு. சத்தம்தானே கேட்க வேண்டும்? யாரிடமாவது இரவல் வாங்கி ஓட்டிக் காட்டு.

ஒரு போன் வாங்கிக்கொள், தயவுசெய்து. இந்தக் காலத்தில் தபாலில் பேசுகிற குடும்பம் நம்முடையது ஒன்றாகத்தான் இருக்கும். அன்று ஆலையில் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொன்னார்கள், நீ பூட்டினாய். மூன்று தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. கார் உன்னிடம் இருந்தது. சரக்கு வண்டி கிடைப்பதற்குள் போன அந்த அரை மணி நேரத்துக்காக நான் உன்னை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அம்மாவும் மெதுவாக ஆறுவாள்.

அம்மாவுக்கு என் முத்தங்கள்.

அன்புடன்,
அண்ணன்

*

மார்ச் 15

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் பேச்சை நான் என்றைக்குக் கேட்டிருக்கிறேன்? திறந்துவிட்டேன்.

நீ வீணாகப் பயமுறுத்தியிருக்கிறாய்! முடி உலர்த்துகிற மெஷினில் சூடுபண்ணித்தான் பிஸ்டனை அசைக்க வேண்டும் என்று ரிமோட் வண்டிச் சாமான் கடைக்காரர் சொல்லியிருந்தார், அதையும் இரவல் வாங்கி வைத்திருந்தேன். எஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிற ஃப்ளைவீலை விரலால் தொட்டேன், வெண்ணெய் மாதிரிச் சுற்றியது. ஒரு பொட்டுத் துரு இல்லை. டாங்க் காலி, உள்ளே துணி விட்டுத் துடைத்திருக்கிறது. எரிபொருளைப் பற்றவைக்கிற க்ளோ பிளக் தனியாகக் கழற்றித் துணியில் சுற்றியிருக்கிறது. எஞ்சினுக்குள் எண்ணெய் விட்டிருக்கிறது. அந்த ஃப்ளைவீலில் அப்பா என் நகப்பூச்சைத் திருடிப் போட்ட சிவப்புக் கோடு ஞாபகம் இருக்கிறதா? "கோடு கீழ இருந்தா பிஸ்டனும் கீழ. மேல நிக்க விட்டா கவ்விக்கும்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார்! கோடு கச்சிதமாகக் கீழே நின்றது.

கெட்டதெல்லாம் ரப்பர் சாமான்தான். எரிபொருள் குழாய் தொட்டதும் உதிர்ந்தது. புதிதாக ஒரு முழம் வாங்கினேன். ஏர் ஃபில்டர் பொடியாகிவிட்டது. மெஷின் மேஜைக்குப் போடுகிற ஸ்பாஞ்சில் வெட்டி, எண்ணெயில் நனைத்துப் போட்டேன். இழுத்துக் கிளப்புகிற கயிறு அறுந்தது. ஆலையில் தோல் பை தைக்கிற நூலை மூன்றாகப் பின்னிக் கட்டினேன், யானையே இழுத்தாலும் அறாது. சஸ்பென்ஷனுக்குத் தையல் மெஷின் எண்ணெய். ரிமோட் மட்டும் செத்துவிட்டது, பழசு ஒன்று தேடுகிறேன். "இதுக்குப் போடற காசுல புதுசா பேட்டரி வண்டியே வாங்கிடலாமேக்கா" என்கிறார் கடைக்காரர். பேட்டரி வண்டிக்கு எங்கப்பா சத்தம் வருமா என்று கேட்டேன்.

அம்மா தினமும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "என்னாச்சு?" என்று கேட்கிறாள். நேற்று என் தலையில் கை வைத்தாள்.

ஆமாம், இவ்வளவு அழகாக எப்போது துடைத்தாய்? ஆஸ்பத்திரி வராந்தாவிலா?

உன்,
வாலு

*

ஏப்ரல் 20

அன்புள்ள தங்கைக்கு,

வேலை அதிகம், எழுத முடியவில்லை. முதல் இரண்டு டாங்குக்கு எரிபொருளைத் தாராளமாகவே விடு, கார்புரேட்டர் ஊசியை இறுக்காதே. ரிமோட்டில் சிக்னல் போனால் தானாக நிறுத்துகிற வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. அதில் மிச்சம் பிடிக்காதே.

துடைத்தது அப்பாவாக இருக்கும், முந்தின வாரம். எனக்கு ஞாபகமில்லை.

அன்புடன்,
அண்ணன்

*

மே 2

அண்ணா,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசிக்கவில்லை.

முந்தின வாரம் துடைத்த வண்டி எப்படி அன்று ஓடியது? ஓடியிருந்தால் டாங்க் எப்படிக் காலி? சுவரில் முட்டியது என்றாய். பம்பரில் ஒரு கீறல் இல்லை. கீழே போட்டதாகச் சொன்ன ரிமோட்டில் பேட்டரிகளைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டிருக்கிறது. அது உன் முடிச்சு. அப்பா எந்தப் பைக்கும் ரப்பர்தான் போடுவார். ஆஸ்பத்திரியில் பெட்டி என் மடியில் இருந்தது, அதன்பின் என் பூட்டில் இருந்தது. நான் மெஷினைத் திறந்து பார்த்து யார் என்ன செய்தார்கள் என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள். என்னிடம் வேண்டாம்.

"ஓட்டறது இருபது நிமிஷம், தொடைக்கிறது நாப்பது நிமிஷம்." இது அப்பாவின் வேதவாக்கு.

ஆறு வருடமாக அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாள்: "எம்புள்ள கையில இருந்ததப் போட்டுட்டு ஓடினான். இவதான் போன எடுக்கல." நான் பக்கத்தில் நின்று தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அன்று இரவே போனைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டவள் நான். இன்றுவரை யார் வீட்டில் மணி அடித்தாலும் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன்.

அப்பா எப்போது நெஞ்சைப் பிடித்தார்? நீ என்னை எப்போது கூப்பிட்டாய்? இந்த இரண்டுக்கு மட்டும் பதில் எழுது.

தங்கை

*

மே 19

வாலு,

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து ஆறு வருடம் சாப்பிட்டுவிட்டேன். எழுதிவிடுகிறேன்.

அன்று மைதானத்தில் ஒரு டாங்க் ஓட்டி முடித்ததும் இவ்வளவு தூரத்தில் இந்த வேலை கிடைத்ததைச் சொன்னேன். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "அம்மாவ யார்ரா பாப்பா?" என்று கத்தினார். நானும் கத்தினேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, சுவரோரம் உட்கார்ந்து, "நெஞ்ச அடைக்குதுடா" என்றார். உனக்குத் தெரியாதா அவருடைய நெஞ்சு வலி? நான் பரீட்சையில் தோற்றபோது ஒன்று, நீ முடியை வெட்டிக்கொண்டு வந்தபோது ஒன்று. "இது எத்தனாவதுப்பா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கேட்டேன்.

பிறகு துடைக்க உட்கார்ந்தேன். கோபத்தில், வேண்டுமென்றே, நிதானமாகத் துடைத்தேன். அவர் காத்திருக்கட்டும் என்று டாங்குக்குள் இரண்டு தடவை துணி விட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. முறைப்பு என்று நினைத்தேன். கடைசியில்தான் கேட்டார்: "பிஸ்டனக் கீழ நிறுத்திட்டியா?" குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. கோட்டைப் பார்த்து நிறுத்திவிட்டு, "நிறுத்தியாச்சு" என்று திரும்பினேன். சாய்ந்திருந்தார்.

அதன்பிறகுதான் உன்னைக் கூப்பிட்டேன். மூன்று தடவையும் சேர்த்து இரண்டு நிமிடம். அதற்குள் சரக்கு வண்டி வந்துவிட்டது. உன் போனால் ஒரு நிமிடம்கூடத் தாமதம் இல்லை. டாக்டர் "ஏன் இவ்வளவு லேட்?" என்று கேட்டபோது அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயில் உன் போன்தான் வந்தது. சொல்லிச் சொல்லி, எனக்கே அது நடந்த மாதிரி ஆகிவிட்டது.

நான் பாவி. நீ என்ன வேண்டுமானாலும் திட்டு. அம்மாவுக்கு மட்டும் வாசித்துக் காட்டாதே. எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான்.

அண்ணன்

*

ஜூன் 24

அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்த அன்று அம்மா வாசிக்கச் சொன்னாள். காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, நீ நலம், சளி இல்லை, வேலை அதிகம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "மூணு பக்கமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவளுக்கு அவ்வளவு திருப்தி.

பழைய ரிமோட் ஒன்று கிடைத்தது, வண்டியை ஓட்டினேன். ஓட்டக்கூடாது என்று மூன்று நாள் பூட்டி வைத்திருந்தேன், பிறகு அம்மாவுக்காகத்தான் எடுத்தேன். அதே மைதானம். நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்தேன். பதினாலு தடவை இழுத்தேன், கை கழன்றுவிட்டது. பதினைந்தாவதில் பிடித்தது. அந்தச் சத்தம்! அம்மா இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "ஐயோ, அவரேதான்" என்று சிரித்தாள், அழுதாள். நான் சுற்றிச் சுற்றி ஓட்டினேன். இரண்டாவது டாங்க் ஊற்றிக் கிளப்பிய கொஞ்ச நேரத்தில், "ஏண்டி, எனக்கு ஒரு மாதிரி வருதே" என்றாள்.

உண்மையைச் சொல்கிறேன், அண்ணா. ஒரு நொடி எனக்கும் தோன்றியது: டாங்க் நிறைய இருக்கிறதே, அப்படியே விட்டால் கெட்டுவிடுமே. அப்பா அப்படி வளர்த்திருக்கிறார் நம்மை. ஒரு நொடிதான். ரிமோட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். வண்டி என் பின்னால் போய் எங்கோ முட்டிய சத்தம் கேட்டது, திரும்பிப் பார்க்கவில்லை.

அதே ஆஸ்பத்திரி. பதினோரு நாள். சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். வேறு டாக்டர். நான் வராந்தாவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன், யார் யாரோ வந்து தேற்றினார்கள். பிழைத்தவளுக்கு ஏன் இப்படி அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

நாலாம் நாள் அம்மா கண் திறந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வண்டிய என்னடி பண்ண?" என்றாள். போட்டுட்டு வந்துட்டேம்மா என்றேன். கையை விடாமல் தடவிக்கொடுத்துச் சொன்னாள்: "அன்னைக்கு உங்கண்ணன் போட்டுட்டு ஓடின மாதிரியே நீயும் ஓடி வந்திருக்கியேடி. எம்புள்ளைங்க ரெண்டும் தங்கம்."

உன் கடிதம் என் பையில்தான் இருந்தது. எடுத்தேன். பிறகு உள்ளே வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள் மைதானத்துக்குப் போனேன். காவலாளி வண்டியை எடுத்துத் தன் கொட்டகை ஓரமாக வைத்திருந்தார். இடையில் நாலு நாள் மழை. பம்பர் இரண்டாக உடைந்திருக்கிறது. டாங்க் பாதிக்கு மேல் இருக்கிறது, தண்ணீரும் சேர்ந்து. சிவப்புக் கோடு உச்சியில் நிற்கிறது, இரண்டு கையால் திருகியும் அசையவில்லை. நீ ஆறு வருடமாகச் சொன்ன வண்டி இதுதான். இப்போதுதான் பார்க்கிறேன். இதைத் துடைக்கப் போவதில்லை.

உன் மே மாதக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். நீ சொல்ல வேண்டியதை நான் சொல்ல மாட்டேன். நீயே வந்து, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, உன் வாயால் வாசித்துக் காட்டு. இப்போது பிழைத்துவிட்டாலும் அவளுக்கு நாள் அதிகம் இல்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதுவரை எனக்கு எழுதாதே. அம்மாவுக்கு எழுது, மூன்று பக்கத்துக்குக் குறையாமல். ஒரு எழுத்து விடாமல் வாசித்துக் காட்டுகிறேன்.

ஆஸ்பத்திரியில் இருந்தபோது போன் வாங்கிவிட்டேன். இப்போது முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன். எண்ணை உனக்கு அனுப்பப் போவதில்லை.

தங்கை