வெறும் நெறிதான் என்றார்கள்

மாப்ள,

இன்று காலை காமயகவுண்டன்பட்டி சலூனில் முகமெல்லாம் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஓர் இளைஞன். அவன் தாடைக்குக் கீழே தடவிப் பார்த்த சலூன்காரர், "தம்பி, நெறி கட்டியிருக்கு. சொத்தைப் பல்லா இருக்கும். சுண்ணாம்பும் மஞ்சளும் குழைச்சுப் போடு" என்றார். எனக்கு உன் கழுத்தில் காய்ந்து வெடித்திருந்த அந்தச் சிவப்புப் பூச்சுதான் கண்முன் வந்தது.

உனக்கும் இதையேதான் சொன்னார்கள். வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. நீயும் பூசிக்கொண்டு, விடியலில் ஜீப்பில் கூலிக்குப் போகும் பெண்களை ஏற்றிக் குமுளி தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தாய். மாதக்கணக்கில் அப்படியே ஓடியது. பீடியோ பாக்கோ வாயில் வைத்தவனில்லை நீ. "நான் எதையும் தொட்டதில்ல, எனக்கென்னடா வரப்போகுது?" என்று சிரிப்பாய். சோறு விழுங்கவே முகம் சுளித்த பிறகுதான் மதுரைக்குப் பஸ் ஏறினோம்.

அடிநாக்கில் புற்று என்றார் டாக்டர். முப்பதைத் தாண்டாதவனுக்கு எப்படி வரும் என்று நான் சண்டைக்கே போய்விட்டேன். "புகையிலை மட்டும் காரணமில்லைங்க. இது ஒரு வைரஸால வந்தது. எய்ட்ஸ் இல்ல, இது வேற. எத்தனையோ பேருக்குத் தொத்தும், தானாப் போயிடும். சில பேருக்கு உள்ளேயே தங்கி, பல வருசம் கழிச்சு இப்படி ஆகும். எப்ப வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது" என்றார். உன் மனைவியையும் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

ஊருக்கு வந்து சேர்ந்தது 'வைரஸ்' என்ற ஒரு சொல் மட்டும்தான். நம் பக்கத்தில் அந்த நாளில் வைரஸ் என்றால் ஒன்றே ஒன்று. அதிலும் எல்லை தாண்டிப் போகிற வண்டிக்காரன், கேட்கவா வேண்டும்! டீக்கடையில் எனக்குக் கண்ணாடி டம்ளரும் உனக்குப் பிளாஸ்டிக் கப்பும் வந்தன. நீ அதிலேயே வாங்கிக் குடித்தாய். எனக்குத்தான் கொதித்தது.

அப்புறம் கடமலைக்குண்டிலிருந்து உன் மச்சான்மார் வேன் பிடித்து வந்தார்கள். "ஏத்தா, பிள்ளையத் தூக்கிட்டு வண்டியில ஏறு" என்றார் மூத்தவர். அது அந்த நோய் இல்லை என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். யார் காதிலும் ஏறவில்லை. உன் மனைவி, எனக்குத் தங்கச்சி முறை, இடுப்பில் பிள்ளையோடு நிலைக்கதவருகில் நின்றாள். புற்றுக்குக் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்து வெந்துபோன தொண்டையோடு நீ கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தாய்.

"கூட்டிட்டுப் போங்க மச்சான். பயந்து கூட்டிட்டுப் போறோம்னு சொல்லுங்க. நான் தப்புத்தண்டாவுக்குப் போனேன்னு மட்டும் சொல்லாதீக."

தங்கச்சி பிள்ளையை இறக்கிவிட்டாள். நீ பாதி குடித்து வைத்திருந்த கஞ்சியை எடுத்து, அண்ணன்மார் பார்க்க, கடைசிச் சொட்டுவரை குடித்தாள். "டாக்டர் எங்கிட்டயும்தான் சொன்னாக. எனக்கு அவுக எச்சி ஆகும். நீங்க கெளம்புங்கண்ணே."

வேன் வந்த வழியே திரும்பியது. அன்றைக்கு நாம் மூவரும் அழுதோம்.

அடுத்த ஆவணியில் நீ இல்லை. "இந்த வகை வைத்தியத்துக்கு நல்லாக் கேக்கும். கட்டி தெரிஞ்சதுமே வந்திருக்கலாம்" என்று டாக்டர் சொன்னது இன்னும் என் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கிறது. அந்தச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் எனக்கு ஆத்திரம் தீரவே இல்லை.

அதனால்தான் காலையில் நுரையைக்கூடத் துடைக்காமல் எழுந்து அந்த இளைஞன் கையைப் பிடித்தேன்.

"எத்தனை நாளா இருக்கு?"

"ஒரு மாசம் இருக்கும்ணே. அட விடுங்க, வெறும் நெறிதான். நான் பீடி சிகரெட் எதையும் தொட்டதில்ல."

"என் மாப்ளையும் தொட்டதில்லடா. இன்னைக்கு அவன் இல்ல" என்றேன்.

 அவன் கழுத்துத் துண்டை உதறிப் போட்டுவிட்டு, பாதிச் சவரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போக என் வண்டியில் ஏறினான்.